ஆந்தை அலறிய வீடும் கழுகு வராத குன்றும்

செங்கல்பட்டு மாவட்டத்துத் திருக்கழுக்குன்றத்தில் உச்சிவேளை நெருங்கும்போது, உணவூட்டும் உரிமை பெற்றவர் வேதகிரி மலைப் பாறையில் சர்க்கரைப் பொங்கலோடு உட்கார்ந்து வானத்தை அண்ணாந்து பார்ப்பார். இரண்டு வெள்ளைக் கழுகுகள் வட்டமிட்டு இறங்கி, பாறையில் தத்தித் தத்தி அருகே வந்து, வைத்ததைத் தின்றுவிட்டுக் கிளம்பிப் போகும். அவை சாபம் பெற்ற முனிவர்கள் என்றும், காலையில் காசியில் நீராடி, நண்பகலில் இங்கே அமுதுண்டு, மாலையில் ராமேசுவரம் போய்ச் சேர்கிறார்கள் என்றும் ஊர் சொன்னது. தலைமுறை தலைமுறையாக மலையேறி வந்தவர்கள் பார்த்து வணங்கிய இந்தக் காட்சி 1990களில் நின்றுபோனது. ஊருக்குப் பெயர் கொடுத்த பறவை ஊரை விட்டுப் போய்விட்டது. ஏன் என்று கேட்டால், கலி முற்றிவிட்டது, பாவம் பெருகிவிட்டது என்ற பதில்தான் கிடைக்கிறது. இங்கே வந்து உண்ட பறவைக்குத் தமிழில் பாப்பாத்திக் கழுகு, மஞ்சள்முகப் பாறு என்று பெயர்கள் உண்டு. இறந்த கால்நடையையும் கழிவையும் தின்று ஊரைச் சுத்தமாக வைத்திருக்கும் பிணந்தின்னி இனம் அது. இன்று உலக அளவில் அழிவின் விளிம்பை நோக்கிப் போகும் பறவைகளின் பட்டியலில் இருக்கிறது. தமிழ்நாட்டிலேயே மிக அதிகமான கண்கள் பார்த்து வணங்கிய ஒரு காட்டுப் பறவை, எவரும் கணக்கில் எடுக்காமலே மறைந்தது. இது எப்படி நடந்தது என்பதைப் புரிந்துகொண்டால், பறவைகளைப் பற்றிய நம் நாட்டார் கதைகளை என்ன செய்வது என்ற கேள்விக்கும் பதில் கிடைக்கும்.

பறவையைப் பற்றி ஊர் சொல்லும் கதைகளில் பெரும்பாலானவற்றுக்குள் கண்டது ஒன்று இருக்கிறது, கட்டியது ஒன்று இருக்கிறது. கண்டது என்பது, யாரோ ஒருவர் வயலிலோ குளக்கரையிலோ பல நாள் பார்த்துத் தெரிந்துகொண்டது. கட்டியது, அதற்கு அவர் சொல்லிக்கொண்ட காரணம். கண்ட பாதி பெரும்பாலும் சரியாகவே இருக்கிறது. கட்டிய பாதிதான் ஒரு பறவையைச் சில காலம் காத்திருக்கிறது, இன்னொரு பறவையைக் கல்லெறிந்து கொன்றிருக்கிறது. நம்மிடையே இந்தக் கதைகளை மூடநம்பிக்கை என்று மொத்தமாகத் தள்ளுபவர்கள் இருக்கிறார்கள். முன்னோர் ஞானம் என்று மொத்தமாகத் தலையில் வைப்பவர்களும் இருக்கிறார்கள். இரு தரப்பாருமே கதையைப் பிரித்துப் பார்ப்பதில்லை. கதை கதையாக எடுத்து, கண்டதையும் கட்டியதையும் வேறு வேறாக வைத்துப் பார்ப்பதே பறவைக்கும் நமக்கும் நல்லது என்பது என் வாதம்.

திருக்கழுக்குன்றத்தையே எடுத்துக்கொள்வோம். எப்போதும் இரண்டு பறவைகள்தான் வரும் என்று ஊர் சொன்னது. மஞ்சள்முகப் பாறு இணையோடு வாழும் பறவை. ஒரு பாறை முகட்டைப் பிடித்துக்கொண்டால் ஆண்டு தவறாமல் அங்கேயே திரும்பும். உச்சிவேளையில் வரும் என்றார்கள். பாறுகள் அகன்ற சிறகை விரித்து, வெயிலில் சூடேறி மேலெழும் காற்றில் ஏறி மிதப்பவை. தரை காயாத விடியற்காலையில் அவற்றுக்குப் பறப்பது கடினம்; சூரியன் ஏற ஏறத்தான் வானம் அவற்றுக்கு வசப்படும். ஒரே நாளில் நெடுந்தொலைவு போய்வருகின்றன என்றார்கள். காசிவரை போகாவிட்டாலும் இரை தேடி நாள்தோறும் வெகுதூரம் சுற்றும் பறவைதான் இது. கதையைக் கட்டியவர்கள் பறவையை அவ்வளவு கூர்ந்து பார்த்திருக்கிறார்கள். ஆனால் அதே இரண்டு முனிவர்கள்தாம் யுகயுகமாக வருகிறார்கள் என்று முடிவுகட்டியபோது, பறவைக்குச் சாவு இல்லை என்றாகிவிட்டது. ஒரு இணை போய் இன்னொரு இணை அந்த இடத்தைப் பிடித்துக்கொண்ட போதெல்லாம் யாரும் கவனித்திருக்க மாட்டார்கள். முட்டை பொரிந்ததா, குஞ்சு பிழைத்ததா, சுற்று வட்டாரத்தில் இன்னும் எத்தனை இருக்கின்றன என்று கேட்கவே தோன்றியிருக்காது. சாகாத பறவைக்கு யார் வாரிசு தேடுவார்கள்? இடத்தைப் பிடிக்க அடுத்த இணை இல்லாமல் போன நாளில், பாவம் என்ற சொல்லைத் தவிர ஊரிடம் வேறு சொல் இல்லை.

கண்ட பாதி சரியாக இருக்கிறது என்பதற்குக் கரிச்சானைவிட நல்ல சான்று இல்லை. இரட்டைவால் குருவி, கரிக்குருவி, வலியான் என்றெல்லாம் பெயர் பெற்ற இந்தக் கறுப்புப் பறவை, மாட்டின் முதுகிலும் மின்கம்பியிலும் உட்கார்ந்து பூச்சி பிடிக்கும். காக்கையைவிட உருவில் மிகச் சிறியது. பரஞ்சோதி முனிவரின் திருவிளையாடற் புராணத்தில், காக்கைகளால் துன்புற்ற கரிக்குருவி மதுரைக்கு வந்து பொற்றாமரையில் மூழ்க, சிவபெருமான் அதற்கு மந்திரம் உபதேசித்து வலிமை தந்த கதை ஒரு படலமாகவே இருக்கிறது. வலியான் என்ற பெயருக்கும் அதுவே காரணமாகச் சொல்லப்படுகிறது. கூடு வைத்திருக்கும் காலத்தில் ஒரு கரிச்சானைக் கவனித்தால் இந்தக் கதை எங்கிருந்து பிறந்தது என்று தெரிந்துவிடும். காக்கை மரத்தை நெருங்கியதும் அம்புபோலப் பாய்ந்து அதன் முதுகின்மேல் ஏறிக் கொத்தும். பருந்தையும் விடாது, துரத்தித் துரத்தி எல்லை தாண்டவைத்துவிட்டுத்தான் திரும்பும். இந்தக் காவலை நம்பிப் புறாவும் கொண்டைக்குருவியும் மாங்குயிலும் அதே மரத்தில் கூடு கட்டிக்கொள்வதைப் பறவையியலாளர்கள் பதிவுசெய்திருக்கிறார்கள். சிறியது பெரியதை விரட்டும் இந்த வியப்பைத்தான் புராணம் தன் மொழியில் விளக்குகிறது. வள்ளுவரும் காலமறிதல் அதிகாரத்தைத் தொடங்கும்போது, இரவில் வலிய கூகையைக் காக்கை பகலில் வென்றுவிடும் என்பதைத்தான் எடுத்துக்காட்டாகப் பிடிக்கிறார். பகலில் வெளிப்பட்ட ஆந்தையைக் காக்கைகள் கூட்டமாகச் சூழ்ந்து விரட்டுவதை இன்றும் எந்த ஊர் ஆலமரத்தடியிலும் பார்க்கலாம். விருந்து வருமென்று காக்கை கரைவதைப் பாடியே காக்கைபாடினியார் என்று பெயர் பெற்ற நச்செள்ளையார், சேர மன்னனிடம் ஒன்பது துலாம் பொன் பரிசு பெற்ற புலவர். சங்க இலக்கியத்துப் பறவைகளைப் பற்றிப் பி.எல். சாமி தனி நூலே எழுதும் அளவுக்கு அங்கே செய்தி இருந்தது. ஆட்காட்டியைப் பற்றிய நாட்டுப்புறப் பாடலும் இப்படித்தான். தரையில் முட்டையிட்டுவிட்டு இரைதேடப் போன தாய் வலையில் மாட்டிக்கொள்ள, குஞ்சுகள் அழுவதைச் சொல்லும் அந்தப் பாட்டில் முட்டையின் எண்ணிக்கை நான்கு. ஆட்காட்டி பெரும்பாலும் நான்கு முட்டைதான் இடும். கூடு என்று எதையும் கட்டாமல் சரளைக்கல்லுக்கு நடுவே, கல்லின் நிறத்திலேயே இடும். காலடியில் இருந்தாலும் கண்ணுக்குத் தெரியாத அந்த முட்டைகளைத் தேடிக் கண்டுபிடித்து எண்ணியவர்கள் நாற்று நட்டவர்களும் ஆடு மேய்த்தவர்களும்தான்.

எல்லாக் கதைக்குள்ளும் இப்படி ஒரு கருவூலம் இருக்கிறது என்று நான் சொல்லவில்லை. செம்போத்தின் கூட்டில் இரும்பையும் அறுக்கும் அதிசய வேர் இருக்கிறது என்ற கதை கேரளத்தில் நீலக்கொடுவேலி என்ற பெயரில் இன்றும் வாழ்கிறது. வேலியோரம் பாம்பு, ஓணான், நத்தை எல்லாவற்றையும் தின்று, நமக்கு நஞ்சான மஞ்சள் அரளிப் பழத்தையும் தின்று செரிக்கும் பறவை என்பதால் அதற்கு ஏதோ மருந்து தெரியும் என்று தோன்றியிருக்கலாம். அவ்வளவுதான் அதில் கண்டது. ஆனால் அந்தப் பறவையின் இறைச்சி இருமலுக்கும் மூச்சிரைப்புக்கும் மருந்து என்று கட்டப்பட்டது. வேகமாகப் பறக்கத் தெரியாமல் புதரோரம் நடந்து திரியும் செம்போத்துக்கு அதுவே எமனாகியிருக்கிறது.

கட்டியதால் மிக அதிகம் துன்பப்பட்டது ஆந்தைதான். சாக்குருவி என்று பெயர் வைத்திருக்கிறோம். அது கூரைமேல் அலறினால் வீட்டில் சாவு விழும் என்கிறோம். ஆந்தை அடைந்த வீடு பாழாகும் என்கிறோம். இவற்றிலும் கண்டது உண்டு. கூகை என்கிற வெண்ணிற ஆந்தை மரப்பொந்தையும், ஆளரவமற்ற மாடத்தையும், கோபுரத்துப் பொந்தையும், இடிந்த கட்டடத்தின் இடுக்கையும் தேடிக் குடியேறும். ஆளில்லாத வீடு பாழடையும். பாழடைந்த வீட்டில் எலி பெருகும், பொந்து விழும், பிறகு கூகை வரும். வீடு பாழானதால் ஆந்தை வந்தது. நாமோ ஆந்தை வந்ததால் வீடு பாழானது என்று தலைகீழாகப் படித்துவிட்டோம். சாவு வீட்டுக் கதையும் இதே போன்றதாக இருக்கலாம். மின்விளக்கு இல்லாத காலத்தில் ஊரே இருட்டில் கிடக்கும்போது, நோயாளி படுத்திருந்த வீட்டில் மட்டும் இரவு முழுக்க விளக்கெரியும். விளக்குக்குப் பூச்சி வரும். பூச்சியைத் தேடிப் புள்ளி ஆந்தை வரும். அந்த வீட்டில்தான் ஆட்கள் விழித்திருந்து அதன் குரலைக் கேட்டிருப்பார்கள். மற்ற வீடுகளின் கூரையில் அது எத்தனை இரவுகள் அலறியது என்று உறங்கிக்கொண்டிருந்தவர்களுக்குத் தெரியாது. நோயாளி இறந்த பின் நினைவில் நின்றது அந்தக் குரல் மட்டுமே.

ஆந்தை உண்மையில் என்ன செய்கிறது என்று அறிய விரும்புபவர் அது அடையும் கோபுரத்துக்குக் கீழே, கல்தரையைக் குனிந்து பார்க்க வேண்டும். கட்டைவிரல் பருமனில், கருஞ்சாம்பல் நிறத்தில், உலர்ந்த மண்ணுருண்டைபோலச் சில கிடக்கும். எச்சம் என்று நினைத்துப் பெருக்கித் தள்ளிவிடுவார்கள். ஆந்தை இரையை முழுதாக விழுங்கி, செரிக்காத மயிரையும் எலும்பையும் உருட்டி வாய்வழியே வெளியே தள்ளுகிறது. அந்த உருண்டைகள்தாம் இவை. ஒன்றைத் தண்ணீரில் ஊறவைத்துக் குச்சியால் பிரித்தால், பஞ்சுபோன்ற எலிமயிருக்குள்ளிருந்து சிறு மண்டையோடு ஒன்று முழுசாக வரும். முன்பல் இரண்டும் காவி நிறத்தில் வளைந்து அப்படியே இருக்கும். நூலளவு விலா எலும்புகள், அரிசியளவு முதுகெலும்புத் துண்டுகள். ஓர் உருண்டையில் இரண்டு மூன்று மண்டையோடுகள் கிடைப்பது சாதாரணம். காவிரிப் படுகையில் நெல் பால்பிடிக்கும் பருவத்தில் எலியைப் பிடிக்கத் தஞ்சாவூர்க் கிட்டி வைப்பதும், துத்தநாகப் பாஸ்பைடு கலந்த நஞ்சுணவு வைப்பதும் உழவர் தலையில் விழும் செலவு. அதே வேலையைச் சம்பளம் வாங்காமல் இரவெல்லாம் செய்யும் பறவையின் வேலைக் குறிப்பேடு அந்த உருண்டை. ஆந்தை வந்து உட்காரட்டும் என்று வயலில் குறுக்குச் சட்டம் வைத்த குச்சிகளை நடச் சொல்லி வேளாண் அலுவலர்கள் பரிந்துரைப்பது இதனால்தான். இஸ்ரேலில் 1980களில் கூகைகளுக்கு வயல்களில் கூட்டுப்பெட்டி வைக்கத் தொடங்கினார்கள். பிறகு ஜோர்டானிலும் பாலஸ்தீனப் பகுதிகளிலும் அது பரவியது. அங்கேயும் ஆந்தை கெட்ட சகுனம் என்ற நம்பிக்கை ஆழமாக வேரூன்றியிருந்தது. எலித்தொல்லை குறைந்ததைத் தம் வயலிலேயே பார்த்த உழவர்கள்தாம் பெட்டிக்கு இடம் கொடுத்தார்கள்.

இங்கே ஒரு மறுப்பு எழும். மூடநம்பிக்கையை எதிர்த்து நூறாண்டாகப் பேசிவரும் மண் இது. அதில் பாதியை எடு, பாதியை விடு என்று ஏன் சலுகை காட்ட வேண்டும், அறிவியலைச் சொல்லிக்கொடுத்தால் போதாதா என்று கேட்பார்கள். கேள்வி நியாயமானது. பகுத்தறிவு என்ற சொல்லிலேயே பகுத்தல் இருக்கிறது. மொத்தமாகத் தள்ளுவதற்குப் பகுத்தல் தேவையில்லை. ஆந்தை அலறினால் சாவு வராது என்று மட்டும் சொன்னால், கேட்பவர் தன் பாட்டி பொய் சொன்னதாக எடுத்துக்கொள்வார். யாரும் தன் பாட்டியை அவ்வளவு எளிதில் விட்டுக்கொடுப்பதில்லை. உங்கள் பாட்டி பார்த்தது சரி, ஆந்தை அங்கே வந்ததற்குக் காரணம் இது என்று சொன்னால் பேச்சு மேலே நகரும். தவிரவும், கண்டதோடு தவறான காரணத்தைக் கட்டுவது படிக்காதவர்களின் பழக்கம் என்று நினைப்பதே பிழை. செல்பேசிக் கோபுரத்தின் கதிர்வீச்சால் சிட்டுக்குருவி அழிந்துவிட்டது என்ற கதை நம் காலத்தில், படித்தவர்களால், நகரங்களில் கட்டப்பட்டது. 2018இல் வந்த ‘2.0’ திரைப்படம் அதைப் பட்டிதொட்டியெல்லாம் கொண்டுபோய்ச் சேர்த்தது. அதிலும் கண்ட பாதி சரி: பெருநகர வீடுகளில் குருவி குறைந்திருக்கிறது. ஆனால் நாடு முழுவதும் பறவை ஆர்வலர்கள் திரட்டிய பதிவுகளை வைத்து 2020இல் வெளியான இந்தியப் பறவைகளின் நிலை அறிக்கை, பெருநகரங்களில் சரிந்தாலும் நாடு தழுவிய அளவில் சிட்டுக்குருவி ஏறத்தாழ நிலையாகவே இருக்கிறது என்றும், கோபுரங்களைக் குற்றம்சாட்டப் போதிய சான்று இல்லை என்றும் சொன்னது. குஞ்சுக்கு ஊட்டப் புழுபூச்சி இல்லாத தெருக்களும், கூடு வைக்க இடுக்கு இல்லாத கண்ணாடிச் சுவர்களும் வலுவான காரணங்கள். கோபுரத்தின்மேல் பழியைப் போட்டுவிட்டால் நம் வீட்டின் அமைப்பை நாம் மாற்ற வேண்டியதில்லை. கலி முற்றிவிட்டது என்ற பதில் தந்த வசதியும் இதுதான்.

இன்னொரு பக்கத்திலிருந்து வரும் மறுப்பு வேறு மாதிரி. நம்பிக்கைதான் இத்தனை காலம் பறவையைக் காத்தது, அதைக் கிளறாதீர்கள், கதையைப் பிரித்துப் போட்டால் பயபக்தி போய்விடும், பயபக்தி போனால் பறவையும் போய்விடும் என்பார்கள். இவர்கள் காட்டும் ஊர்கள் உண்மையானவை. சிவகங்கை மாவட்டம் வேட்டங்குடியில் கொள்ளுக்குடிப்பட்டி மக்கள் தீபாவளிக்கு வெடி வெடிப்பதில்லை. கண்மாயில் கூடு கட்டியிருக்கும் பறவைகள் மிரண்டுவிடக் கூடாது என்று குழந்தைகள்கூட மத்தாப்போடு நிறுத்திக்கொள்கிறார்கள். நெல்லைச் சீமையின் கூந்தன்குளத்தில் மஞ்சள்மூக்கு நாரைகள் ஊருக்குள் வீட்டு முற்றத்து மரங்களிலேயே கூடு வைக்கின்றன. அவற்றை ஊருக்குச் செல்வம் கொண்டுவரும் விருந்தாளிகளாக மக்கள் நினைக்கிறார்கள். ஆனால் இந்த ஊர்களின் மூத்த உறவான வேடந்தாங்கலைப் பார்த்தால் பயபக்திக்கு அடியில் என்ன இருந்தது என்று தெரியும். அங்கே வெள்ளைக்காரச் சிப்பாய்கள் பறவைகளைச் சுட்டபோது ஊரார் ஆட்சியரிடம் முறையிட்டு, 1798இல் கவுல் என்ற உறுதிப் பத்திரம் பெற்றார்கள். 1858இல் அதைப் புதுப்பித்துக்கொண்டார்கள். பறவைகளின் எச்சம் விழுந்த ஏரித்தண்ணீர் பாய்ந்தால் வயலுக்கு உரம் தேவையில்லை என்பது அவர்கள் கண்டது. கடப்ப மரங்களில் கூழைக்கடாவும் நத்தைகுத்தி நாரையும் நீர்க்காகமும் வக்காவும் அடைந்து இடும் எச்சத்தில் தழைச்சத்தும் மணிச்சத்தும் இருப்பதை இன்றைய வேளாண் அறிவியலும் ஒப்புக்கொள்ளும். அவர்கள் கட்டிய காரணமும் இங்கே சரியாக அமைந்துவிட்டது. இரண்டு நூற்றாண்டுக்கு மேல் அந்தக் காவல் நீடித்ததற்கு மடைவழியே வயலுக்குப் போன அந்தத் தண்ணீர்தான் காரணம். இது வெறும் சுயநலம் என்று யாராவது சொன்னால், ஆம் என்பேன். வயிற்றோடு கட்டிய முடிச்சு அவ்வளவு எளிதில் அவிழாது.

புனிதம் மட்டும் போதுமென்றால் மயிலுக்கும் கிளிக்கும் ஆந்தைக்கும் இந்த நிலை வந்திருக்கக் கூடாது. மயில் முருகனின் ஊர்தி, 1963 முதல் நாட்டின் தேசியப் பறவை, வனவுயிரினச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருப்பது. இத்தனைக்கும் பிறகு, நிலக்கடலையும் தக்காளியும் மக்காச்சோளமும் பறிபோகும் உழவர் சிலர் தானியத்தில் நஞ்சு கலந்து வைக்கும் செய்திகள் தமிழகத்தில் திரும்பத் திரும்ப வருகின்றன. அதே உழவர் தைப்பூசத்துக்குக் காவடியில் மயிலிறகு கட்டிப் பழனிக்கு நடப்பவராகவும் இருக்கலாம். அவருடைய பக்தியில் குறையில்லை; மகசூல் போனதற்கு ஈடு கேட்டு அலைந்ததில்தான் அவர் களைத்துப்போனார். கிளியை மீனாட்சியின் கையிலும் ஆண்டாளின் கையிலும் வைத்து வணங்குகிறோம். வெளியே சிறகு வெட்டிய பச்சைக்கிளி சோதிடக் கூண்டுக்குள் சீட்டு எடுக்கிறது. 1972ஆம் ஆண்டு வனவுயிரினச் சட்டப்படி அது குற்றம். ஸ்ரீவில்லிபுத்தூரில் ஆண்டாளின் இடக்கையில் சாத்தும் கிளியோ இலையாலும் மாதுளம்பூவாலும் நாள்தோறும் புதிதாகச் செய்யப்படுவது. பிடித்து வந்த பறவை அங்கே தேவைப்பட்டதேயில்லை. வடக்கே ஆந்தை திருமகளின் ஊர்தி. அந்தத் திருமகளைப் பூசிக்கும் தீபாவளியை ஒட்டித்தான் ஆந்தைகள் பலிக்காகப் பிடிக்கப்படுவது கூடுகிறது என்று எச்சரிக்கைகள் வருகின்றன. மாந்திரீகத்துக்காக நடக்கும் ஆந்தை வணிகத்தை டிராஃபிக் என்ற அமைப்பு 2010இல் அறிக்கையாகவே வெளியிட்டது. ஊர்தியாக வணங்குவதும் கழுத்தை அறுப்பதும் ஒரே நம்பிக்கைக்குள் அடங்கிவிடுகின்றன. நம்பிக்கையிடம் பறவையை ஒப்படைத்துவிட்டுத் தூங்க முடியாது என்பதற்கு இதைவிட என்ன சான்று வேண்டும்?

ஏரி ஆக்கிரமிப்பும் மருந்து நஞ்சும் பறவைகளை வாரிக்கொண்டு போகும் காலத்தில் கதையைப் பற்றி என்ன பேச்சு என்று சிலர் பொறுமையிழக்கலாம். பாறுகளின் சாவுக்குக் காரணம் கதையில்லை என்பது சரிதான். மாட்டுக்குப் போட்ட டைக்ளோஃபினாக் என்ற வலிநீக்கி, அந்த மாடு செத்தபின் அதைத் தின்ற பாறுகளின் சிறுநீரகத்தைச் செயலிழக்கச் செய்தது. 1990களில் தொடங்கி பத்துப் பதினைந்து ஆண்டுகளுக்குள் இந்தியாவின் வெண்முதுகுப் பாறுகளில் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பதுக்கு மேல் போய்விட்டன. காரணம் 2004இல் உறுதியானது. கால்நடைக்கு அந்த மருந்தைப் பயன்படுத்துவதை 2006இல் இந்தியா தடைசெய்தது. ஆண்டுக்கு ஒரே ஒரு முட்டையிடும் பறவை அந்த இழப்பை ஈடுகட்ட எத்தனை தலைமுறை ஆகும்? தமிழ்நாட்டில் மோயாற்றுப் பள்ளத்தாக்கை ஒட்டிய காடுகளில்தான் அவை இன்று கூடு வைக்கின்றன. ஆனால் தடை தாளில் இருந்தால் போதாது. மனிதருக்கான ஊசிமருந்தை வாங்கி மாட்டுக்குப் போடும் கை எங்கோ ஒரு தொழுவத்தில் இருக்கிறது. அந்தக் கையைத் தடுக்க அதிகாரி வரமாட்டார், அந்த வீட்டுக்காரரின் மனம்தான் தடுக்க வேண்டும். அந்த மனத்தோடு பேச நமக்குச் சொல் வேண்டும். சங்கப் புலவர்களிடம் பாறு, பருந்து, எருவை, எழால் என்று தனித்தனிச் சொற்கள் இருந்தன. இன்று எல்லாவற்றையும் கழுகு என்ற ஒற்றைச் சொல்லுக்குள் போட்டுவிட்டோம். உங்கள் ஊரில் கழுகு இருக்கிறதா என்று கேட்டால், கோழிக்குஞ்சைத் தூக்கும் பருந்தை நினைத்துக்கொண்டு, நிறைய இருக்கிறதே என்பார்கள். பெயர் மங்கியதால் ஒரு பறவை இல்லாமல் போனதே தெரியாமல் போகிறது. பறவைப் பெயர்களைத் தமிழகம் முழுக்கத் தேடித் திரட்டிய க. ரத்னம் போன்றவர்களின் உழைப்பு எவ்வளவு பெரியது என்று இப்போது புரியும். அந்தப் பெயர்கள் வாழ்ந்ததே கதைகளுக்குள்தான். திருப்புட்குழியும் புள்ளிருக்குவேளூரும் சடாயுவை நினைவில் வைத்திருக்கும் தலங்கள்; அந்தத் தலங்களுக்குப் போகிறவரிடம் சடாயு எந்த இனம், அந்த இனம் இன்று ஏன் அழிகிறது என்று பேசத் தொடங்குவது எளிது.

எனவே செய்ய வேண்டியது பெரிய திட்டம் ஒன்றுமில்லை. பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் தம் ஊரில் பறவையைப் பற்றி என்ன சொல்கிறார்கள் என்று தாத்தா பாட்டியிடம் கேட்டு எழுதி வரட்டும். பிறகு அதே பிள்ளைகள் கரிச்சானையும் ஆட்காட்டியையும் ஒரு பருவம் முழுக்கப் பார்த்து, சொன்னதில் எது கண்டது, எது கட்டியது என்று எதிரே எழுதட்டும். அந்த இரண்டு பத்தி நோட்டு எந்தப் பாடநூலைவிடவும் அவர்களைக் கூராக்கும். வனத்துறை சரணாலயத்தில் வைக்கும் பலகையில் ஊர் வழங்கும் பெயரும் இருக்கட்டும். மயில் மேய்ந்த வயலுக்கு இழப்பீடு அலையவைக்காமல் கிடைக்கட்டும். குடமுழுக்குக்காகக் கோபுரத்தைப் புதுப்பிக்கும்போது பொந்துகளைச் சிமெண்டால் பூசி அடைப்பதற்கு முன், உள்ளே குஞ்சு இருக்கிறதா என்று பார்த்து, கூகைக்கென்று சில மாடங்களையாவது விட்டுவைக்க அறநிலையத் துறை சொல்லலாம். கோயில் நெற்களஞ்சியம் வைத்திருந்த காலத்தில் கூகையும் அந்தக் களஞ்சியத்தின் காவலாள்தான். திருக்கழுக்குன்றத்தில் அந்தப் பறவைகள் இறங்கிய பாறைக்கு அருகே ஒரு பலகை வைக்க வேண்டும். முனிவர்களின் கதையை அதில் முழுதாக எழுதட்டும், ஒரு வரியும் குறைக்க வேண்டாம். அதற்குக் கீழே, வந்தது மஞ்சள்முகப் பாறு என்றும், இணையாக வாழ்வது, வெயில் ஏறியபின் பறப்பது என்றும், 1990களில் வருகை நின்றது என்றும் எழுதலாம். மாட்டுக்கு எந்த வலிநீக்கியைப் போடக் கூடாது, அதற்குப் பதில் பாறுகளுக்குத் தீங்கில்லாத மெலோக்சிகாம் இருக்கிறது என்பதையும் சேர்த்துவிட்டால், மலையேறி வந்து மூச்சு வாங்க நிற்கும் மாட்டுக்காரர் ஒருவர் அதைப் படிப்பார்.